பெட்டிக்காரர் எங்கே போனார்?

பம்மல் என்று சொன்னால் இன்றைய இளைஞர்களுக்கு 2002-ல் வந்த கமல்ஹாசன் படம்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தத் தலைப்பே ஒரு பெரிய மனிதரின் பெயரைக் கிண்டலும் மரியாதையுமாகத் தொட்டுக் காட்டியது என்பது தாம்பரம் மாநகராட்சியில் குடியிருப்பவர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. பம்மல் சம்பந்த முதலியார் 1873-ல் பிறந்தார், 1964-ல் மறைந்தார். வக்கீலாக இருந்து நீதிபதியானவர். 1891-ல், பதினெட்டு வயதில், நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். 'மனோகரா'வை எழுதியவர். கூத்தாடிகள் என்று ஊரார் ஒதுக்கி வைத்த தொழிலில் படித்த உத்தியோகஸ்தர்களை வேஷம் கட்டி நிற்க வைத்தவர். 1959-ல் பத்மபூஷண் விருது பெற்றவர். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர், இன்று பல்லாவரத்தோடும் அனகாபுத்தூரோடும் சேர்ந்து மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது.

தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் சம்பந்த முதலியாரை ஒரு பக்கமும், அவருக்கு ஆறு வயது மூத்தவரான சங்கரதாஸ் சுவாமிகளை மறுபக்கமும் நிறுத்துவார்கள். முதலியார் பாட்டைக் குறைத்தார், வசனத்தை வளர்த்தார். சுவாமிகள் பாட்டையே நாடகமாக்கினார். ஒருவர் பட்டணத்துச் சபா, இன்னொருவர் மதுரைப் பக்கத்து நாடகக் கொட்டகை. இந்தக் கணக்கு ஓரளவுக்குச் சரிதான். ஆனால் நாடகம் எழுதியவர், நாடகத்தில் நடித்தவர் என்று இரண்டு வகை ஆட்களோடு வரலாற்றை முடித்துவிடுவதில் மூன்றாவது ஆள் ஒருவர் காணாமல் போகிறார். மேடையின் ஓரத்தில், திரைக்கு முன்னால், கால்களால் துருத்தியை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாசித்தபடி, போதாததற்கு வாயாலும் பாடிக்கொண்டிருந்தவர். நாடகக்காரர்கள் பேச்சில் ஆர்மோனியம் என்ற நீளமான பெயர் அதிகம் வராது. அது பெட்டி. அதை வாசிப்பவர் பெட்டிக்காரர். நோட்டீஸில் மட்டும் கொஞ்சம் மரியாதையாக 'பின்பாட்டு' என்று போடுவார்கள்.

பின்பாட்டு என்று போட்டாலும் அவர் வேலை பின்னால் நிற்கும் வேலை அல்ல. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரத்தில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேதி வாங்கி, தனித்தனியாகச் சம்பளம் பேசிக் கூட்டி வருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. டைரக்டர் கிடையாது. சில சமயம் வள்ளியும் முருகனும் அன்றைக்கு ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரை 'வள்ளி திருமணம்' ஓட வேண்டும். அதை ஓட்டிக் கொடுப்பவர் பெட்டிக்காரர். எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு, நாரதர் தர்க்கத்தை எவ்வளவு நேரம் இழுக்கலாம், புதிதாக வந்த வள்ளிக்கு அடி மறந்து போனால் எந்த இடத்தில் எடுத்துக் கொடுப்பது, கூட்டம் கொட்டாவி விட்டால் பபூனை எப்போது உள்ளே அழைப்பது, எல்லாம் அவர் விரலில் இருக்கிறது. பக்கத்தில் மிருதங்கம், அடுத்து டோலக்கும் சத்தங்களும் பார்த்துக்கொள்ளும் ஆல்ரவுண்ட், பிறகு தாளம். இந்த நாலு பேரில் மற்ற மூவரும் பார்ப்பது பெட்டிக்காரர் தலையசைப்பை. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் இந்த நாடகக்காரர்களோடு பழகி ஆராய்ந்து 2005-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். நம் பல்கலைக்கழகங்கள் இந்த மேடையை அந்த அளவுக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்ததாகச் சொல்ல முடியவில்லை.

அவர் திறமை எங்கே சோதிக்கப்படும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெட்டியில் வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், கறுப்புக் கட்டைகளுக்கு அரை. ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு இல்லை என்பதால் மூன்றரைக் கட்டை என்பது நம் வழக்கிலேயே கிடையாது. அப்புறம் நாலு, நாலரை, ஐந்து என்று ஏறும். ராஜபார்ட் நாலரைக் கட்டையில் பாடி நிறுத்துகிறார். ஸ்திரீபார்ட்டுக்கு ஐந்தரை வேண்டும். தர்க்கப் பாட்டில் இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். பாட்டு ஒன்றுதான், ராகமும் ஒன்றுதான். ஆனால் ஷட்ஜம் இடம் மாறியதும் விரல் போக வேண்டிய கட்டைகள் எல்லாமே மாறிவிடும். கேட்பவர் காதுக்குத் தையல் தெரியாமல் அந்த இடத்தைக் கடப்பதற்குப் பத்து வருஷப் பழக்கம் வேண்டும். இதை அவர் அரைத் தூக்கத்தில், அதிகாலை மூன்று மணிக்குச் செய்கிறார்.

மைக் வருவதற்கு முந்தைய காலத்தில் இது இன்னும் கடினம். கொட்டகையின் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டுமென்றால் உச்ச சுருதியில்தான் பாட வேண்டும். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலைப் பற்றிச் சொல்லாத நாடக நினைவுக் குறிப்பு இல்லை. 1906-ல் பிறந்து 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் போய்விட்டவர். கே.பி. சுந்தராம்பாளோடு அவர் ஜோடி சேர்ந்த மேடைகள் இன்றும் கதையாகப் பேசப்படுகின்றன. அந்த மேடைகளில் கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டைக் கவனமாகக் கேட்டால் பாட்டோடு பாட்டாக அந்தப் பெட்டியும் கேட்கும். தம்பி பிருகாவாக உதிர்க்க, அண்ணன் விரல் ஒரு மயிரிழை பின்னால் அதையே உதிர்க்கும். தம்பிக்குப் புத்தகங்கள் உண்டு, நூற்றாண்டு விழா உண்டு. அண்ணன் பெயர் அந்தப் புத்தகங்களில் ஓரிரு வாக்கியத்தில் வந்து போகும்.

பெட்டியின் பிறப்பிடம் நம்மூர் அல்ல. 1840-களில் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கியது. பாதிரிமார்களோடும் வெள்ளைக்கார அதிகாரிகளோடும் கப்பலில் வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் தொடங்கிய துவார்க்கின் கம்பெனி அதைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை இழுத்து மறு கையால் வாசிக்கிற மாதிரி மாற்றியது. பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றியபோது அவர்களுடைய மெட்டுகளோடு பெட்டியும் தெற்கே வந்து இறங்கியது. தமிழ் நாடகக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சாதாரணமானது. வீணையைப் போல அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டாம். மழையில் நனைந்த மாட்டு வண்டியில் ஐம்பது மைல் போனாலும் இறக்கி வைத்த உடனே வாசிக்கலாம். வயலினை விடச் சத்தம் பெரிது. தினம் ஒரு ஊர் என்று அலையும் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்?

பண்டிதர்களுக்குத்தான் அது ஆகவில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் சுருதிகளை அது தராது, கமகம் வராது, நம் சங்கீதத்தைக் கெடுக்கும் என்றார்கள். தாகூரும் அதே கட்சி. ஆல் இந்தியா ரேடியோ 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. வெள்ளைக்காரன் போட்ட தடை சுதந்திரம் வந்த பிறகும் தொடர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில்தான், அதுவும் பகுதியளவில், தளர்ந்தது. சென்னை வானொலி நிலையம் திறந்தது 1938-ல். இரண்டு வருஷத்தில் பெட்டிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். மேடை நாடகத்தின் கடைசிப் பெரிய தலைமுறை வாசித்துக்கொண்டிருந்த முப்பது வருஷம் அரசாங்க வானொலியில் பெட்டிக்கு இடமில்லை. கமகம் பற்றிய வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தோடியை நிறுத்தி நிதானமாக ஆலாபனை செய்வதற்குப் பெட்டி லாயக்கில்லைதான். ஆனால் நாடகப் பாட்டின் அழகு வேகமான பிருகாவிலும் பளிச்சென்ற எடுப்பிலும் இருக்கிறது. அதற்கு அது அளவெடுத்துச் செய்த வாத்தியம். பல்லடம் வெங்கடரமண ராவ் போன்றவர்கள் கர்நாடக சங்கீதத்தைத் தனிக் கச்சேரியாகவே அதில் வாசித்துக் காட்டினார்கள். வாத்தியத்தின் மேல் கோபம் என்றால் சபாக்களில் போட்டிருக்கலாம் ஒரு சண்டை. ரேடியோவில் தடை என்றபோது அடிபட்டது ஏழைப் பெட்டிக்காரரின் வயிறு. அதோடு, அவர் வாசிப்பு பதிவாகாமலே போனது.

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு நடை போய் வரலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஊமைப்பட காலத்தில் சினிமாக் கொட்டகைகளில் பிரம்மாண்டமான குழல் ஆர்கன்கள் இருந்தன. நியூயார்க் மாநிலத்து வுர்லிட்சர் கம்பெனி செய்தவை பேர் பெற்றவை. ஒரே ஆள் உட்கார்ந்து குதிரைக் குளம்பு, ரயில் ஊதல், இடி, காதல், அழுகை எல்லாவற்றையும் வாசித்துவிடுவார். ஊருக்கு ஒரு ஆர்கன்காரர், அவருக்கென்று ஒரு ரசிகர் கூட்டம். 1927-ல் பேசும் படம் வந்தது. நாலைந்து வருஷத்தில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. தப்பியவர்கள் சிலர்தான். இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரத்து டவர் நடன மண்டபத்தில் ரெஜினால்ட் டிக்சன் 1930-லிருந்து 1970 வரை நாற்பது வருஷம் வாசித்தார். அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர்கள் கடலையும் பார்த்து, அவர் வாசிப்பையும் கேட்டுவிட்டு வருவார்கள். சினிமாவும் நாடகமும் கைவிட்ட பிறகும் ஒரு நகரம் தன் ஆர்கன்காரரை விடவில்லை.

நம் ஊரில் பேசும் படம் செய்த வேலை இதற்கு நேர்மாறானது. ரகுபதி வெங்கையா 1914-ல் கட்டிய கெயிட்டி கொட்டகையிலிருந்து தொடங்கி, சென்னையில் ஊமைப்படங்களுக்கும் உயிருள்ள மனிதர்கள்தான் வாசித்தார்கள். 1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வந்தது. (அதே வருஷம் மே மாதம்தான் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தெற்கு ஊர்க்காரர்களுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு வித்தை.) பேசும் படம் என்றுதான் பெயர், தமிழில் அது பாடும் படம். நாடகக் கம்பெனிகளின் நாடகங்களையே படம் பிடித்தார்கள். 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில் சுமார் ஐம்பது பாட்டு. இவ்வளவு பாட்டுக்கு மெட்டுப் போட, பாடகருக்குச் சொல்லித்தர, வாத்தியங்களை மேய்க்க யாரைக் கூப்பிடுவது? நாடகத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஆளைத்தான். மேலைநாட்டில் பேசும் படம் கொட்டகை ஆர்கன்காரரை வீட்டுக்கு அனுப்பியது. இங்கே பெட்டிக்காரரை ஸ்டுடியோவுக்குள் அழைத்து மியூசிக் டைரக்டர் ஆக்கியது.

பெயர்களைப் பார்த்தாலே போதும். எஸ்.எம். சுப்பையா நாயுடு சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். ஜி. ராமநாதன் அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர். நாயுடுவிடம் எடுபிடிப் பையனாக இருந்த எம்.எஸ். விஸ்வநாதன், அவர் இல்லாத நேரத்தில் பெட்டியைத் தொட்டுப் போட்ட மெட்டு படத்திலேயே இடம் பிடித்தது என்பது கோடம்பாக்கத்தில் எத்தனையோ தடவை சொல்லப்பட்ட கதை. 2015-ல் காலமாகும் வரை எம்.எஸ்.வி. என்றால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கும் படம்தான் கண் முன்னால் வரும். இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் ஊர் ஊராகப் போய் வாசித்துப் பழகியவர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது அந்த அனுபவம் முழுக்கக் கைவசம் இருந்தது. சரோட், சிதார், பியானோ என்று என்னென்னவோ சினிமாவுக்குள் வந்தும், தமிழ்ப் பாட்டு பிறக்கிற இடமாக ஒரு ஆர்மோனியம் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்ததன் காரணம், முதல் தலைமுறை நாடக மேடையிலிருந்து அதைச் சுமந்து போனதுதான்.

ஆக, பெட்டி ஜெயித்தது. பெட்டிக்காரர் ஜெயித்தாரா என்பதுதான் கேள்வி. கோடம்பாக்கம் போனவருக்கு டைட்டில் கார்டு கிடைத்தது. அதே திறமையோடு மேடையோரத்திலேயே தங்கிவிட்டவரின் பெயரைத் தேடினால் பழைய நாடக நோட்டீஸைத் தவிர வேறு இடம் இல்லை. நோட்டீஸ் மலிவுத் தாளில் அச்சானது. கரையான் அதற்கு ஆவணக் காப்பாளர்.

தாம்பரம் பக்கம் இந்தக் கதை இன்னொரு விதமாகத் திரும்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் என்று மின்சார ரயில் பாதையோரமாகக் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். அவர்களுடைய நாடகம் சபா நாடகம். யு.ஏ.ஏ. குழு, கே. பாலசந்தர், சோ, மௌலி, விசு, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று அந்த வரிசை நீளும். சம்பந்த முதலியார் ஆசைப்பட்டது அவருக்கே ஆச்சரியம் தரும் அளவுக்கு அதில் நிறைவேறியது: இரண்டு மணி நேரத்தில் முடியும் நாடகம், வசனமே பிரதானம், நடிப்பவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அந்த மேடையில் பெட்டிக்கு வேலையில்லை. காட்சிக்குக் காட்சி டேப்பில் போட்டு விடும் இசை போதும். கடைசி ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். சிரித்து ரசித்த தலைமுறையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பங்களின் நாடக ஞாபகத்திலிருந்து பெட்டிக்காரர் அங்கேதான் அடியோடு மறைந்தார்.

அந்தக் காலனிகளுக்குப் பின்னால், ஏரிக்கரையோரங்களில், வேறொரு மேடை நடந்துகொண்டுதான் இருந்தது. செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை என்று இன்று அடுக்குமாடி விளம்பரங்களில் வரும் பெயர்கள் எல்லாம் தொண்டை மண்டலத்துப் பழைய கிராமங்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை வட்டாரத்துத் தெருக்கூத்து மண்ணின் ஓரத்தில் இருப்பவை. திரௌபதி அம்மன் கோயில் என்றால் பாரதம் படிப்பார்கள், கூத்து வைப்பார்கள். புரிசை கண்ணப்ப தம்பிரானின் பெயர் உலகமெல்லாம் தெரிந்தது இந்தக் கூத்தால்தான். அதன் பழைய இசை முகவீணையும் மிருதங்கமும் தாளமும். நாடகத்தைப் பார்த்துப் பெட்டி அதற்குள்ளும் நுழைந்தது. இன்று முகவீணை வாசிக்க ஆள் கிடைப்பது அரிது. பெட்டி இல்லாத ஜமா, அதாவது கூத்துக் குழு, அதைவிட அரிது. பண்டிதர்கள் அந்நியன் என்று துரத்திய வாத்தியம் கிராமத்துக் கூத்தில் முகவீணையின் இடத்தையே பிடித்துக்கொண்டது என்றால், எது நம்முடையது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தப் பெட்டியின் இடத்தையே காசியோ பிடிக்கிறது. எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் நம்மூரில் அது காசியோதான். எடை குறைவு, துருத்தி மிதிக்க வேண்டாம், ஒரு பொத்தானை அமுக்கினால் சுருதி மாறும், இன்னொரு பொத்தானில் புல்லாங்குழல், இன்னொன்றில் நாதஸ்வரம். கஷ்டப்பட்டு நாலரையிலிருந்து ஐந்தரைக்குத் தாவிய விரல் வித்தை அந்தப் பொத்தானோடு முடிந்தது. கோயில் திருவிழாப் பாட்டுக் கச்சேரி, சர்ச்சில் கீர்த்தனை, பள்ளி ஆண்டு விழா எல்லாமே காசியோ கைக்குப் போய்விட்டன. இதில் அழுது பிரயோஜனமில்லை. ஒரு காலத்தில் முகவீணைக்காரரும் பெட்டியைப் பார்த்து இப்படித்தான் வருத்தப்பட்டிருப்பார். பெட்டியின் உள்ளே இருக்கும் பித்தளை ரீடுகளுக்குக் கடலோர ஈரக்காற்று ஆகாது. சுருதி விலகினால் ஒவ்வொரு நாக்காக எடுத்து, நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்று கைப்பழக்கத்தில் சரி செய்யும் ஆள் வேண்டும். அப்படிப்பட்டவரைத் தேடி அலைவதை விடப் பேட்டரி மாற்றுவது சுலபம் என்று ஒரு கூத்து ஜமா நினைத்தால் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

காசியோவை விடப் பெரிய அடி கடிகாரத்திலிருந்து வந்தது. ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் வருஷத்துக்கு அதிகபட்சம் பதினைந்து நாள் நடுராத்திரி பன்னிரண்டு வரை மாநில அரசு அனுமதிக்கலாம். நல்ல விதிதான், படிக்கிற பிள்ளைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டும். ஆனால் பத்து மணிக்கு மேல் ஆரம்பிப்பதையே இலக்கணமாகக் கொண்ட கலைக்கு அது தூக்குக் கயிறு. கிராமமாக இருந்தவரை ஊரே கூடிக் கேட்டது, புகார் கொடுக்க ஆளில்லை. அதே தெருவில் நாலு மாடிக் குடியிருப்பு வந்த பிறகு, கூத்து என்றால் என்ன என்று தெரியாத குடும்பங்கள் வந்த பிறகு, பத்தேகாலுக்குப் போலீஸ் வண்டி வந்து நிற்பது சகஜம். தெற்குப் புறநகரில் விடிய விடிய நடந்த கதைகள் இப்போது மூன்று மணி நேரத்துக்குள் சுருங்குகின்றன. அப்படிச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது எது? கதை சொல்ல வேண்டும், சண்டை காட்ட வேண்டும், பபூன் சிரிக்க வைக்க வேண்டும். தொடக்கத்தில் பெட்டிக்காரர் அரை மணி நேரம் ராகம் வாசித்துக் கூட்டம் சேர்க்கும் பகுதியை எடுத்துவிடுவார்கள். தர்க்கத்தின் சுற்றுகளைக் குறைப்பார்கள். அதாவது, அவர் திறமை காட்ட இருந்த இரண்டு இடங்களும் போய்விடும்.

இதற்கு என்ன செய்யலாம்? 'பாரம்பரியக் கலையைக் காப்போம்' என்று மேடை போட்டுப் பேசுவதில் பயனில்லை. வருஷத்துக்கு ஒரு முறை பொங்கல் சமயத்தில் நடக்கும் சென்னை சங்கமம் நல்ல முயற்சி. 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் பலருக்கு அடையாள அட்டையும் உதவித்தொகையும் கொடுத்திருக்கிறது. ஆனால் சங்கமத்தில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது சில நிமிஷம். பெட்டிக்காரரின் வேலை ராத்திரி முழுக்க விரிவது. சில நிமிஷத்தில் அவரைப் பார்த்தால், பின்னால் உட்கார்ந்து யாரோ ஒருவர் வாசித்தார் என்பதுதான் மனசில் நிற்கும்.

முதலில் பதிவு. சினிமாக்காரர்களின் பேட்டிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எழுபது வயதைத் தாண்டிய நாடகப் பெட்டிக்காரர்கள், கூத்துப் பெட்டிக்காரர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். 'வள்ளி திருமண'த்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் வட்டாரத்துக்கு ஒரு மெட்டு உண்டு, அது அவர்கள் விரலில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்வரக் குறிப்பு கிடையாது. நாடகம் முழுவதையும் ஒருவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி, கைகளைப் படம் பிடித்து, எந்த இடத்தில் எதற்காக ராகம் மாற்றினார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தால், அது ஒரு பாடநூல். இதற்குக் கோடிகள் வேண்டாம். நல்ல மைக்கும் பொறுமையான ஒரு ஆளும் போதும். 1837-ல் தொடங்கி 1937-லிருந்து தாம்பரத்தில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற இடத்தில் ஒரு துறை மனசு வைத்தால் இரண்டு வருஷத்தில் முடியும் வேலை.

அடுத்து இடம். தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டும் 5 மண்டலமும் இருக்கின்றன. பூங்கா கட்டுகிறார்கள், ஏரிக்கரையில் நடைபாதை போடுகிறார்கள். மண்டலத்துக்கு ஒன்று வேண்டாம், பம்மலில் ஒன்றே ஒன்று, சம்பந்த முதலியார் பெயரில் சத்தம் வெளியே போகாத அரங்கம் கட்டினால் ஒலிபெருக்கி விதிக்கும் பங்கமில்லை, கூத்தையும் நாடகத்தையும் விடியும் வரை நடத்தலாம். பாட்டைக் குறைத்த முதலியார் பெயரிலா என்று யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். அவர் தன் நாடக மேடை நினைவுகளை விரிவாக எழுதி வைத்தவர்; மேடையில் யார் எதைச் செய்தார் என்று குறித்து வைப்பதன் அருமை அவருக்குத் தெரியும்.

கடைசியாகக் கல்வி. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லித் தருவது ஏழு: குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். நூறு வருஷம் தமிழ் நாடகத்தைத் தூக்கி நிறுத்திய வாத்தியம், தமிழ் சினிமாப் பாட்டு பிறந்த வாத்தியம், அந்த ஏழில் இல்லை. ரேடியோக்காரர்கள் எப்போதோ தளர்த்திவிட்ட தடையை இசைப் பள்ளிகள் இன்னும் தளர்த்தவில்லை என்றுதான் தோன்றுகிறது. எட்டாவதாகச் சேர்க்கலாம் என்று யாராவது முன்மொழிந்தால் உடனே ஒரு சிக்கல் வரும்: ஆசிரியர் பணிக்குச் சான்றிதழ் கேட்பார்கள். எந்தக் கல்லூரியும் நாடக ஆர்மோனியத்துக்குப் பட்டம் கொடுத்ததில்லை என்பதால் தகுதி உள்ளவர் யாரும் கிடைக்கவில்லை என்று கோப்பு மூடப்படும். இசைக் கலைஞர்கள் விஷயத்தில் அனுபவத்தையே தகுதியாக ஏற்பது அரசுக்குப் புதிய வழக்கமும் அல்ல. பரம்பரை நாதஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் வகுப்பறைக்குள் வந்தது அந்த வழியில்தான். அதே வழியைப் பெட்டிக்காரருக்கும் திறந்துவிடுவதற்கு ஒரு அரசாணை போதும். அந்த ஆணையில் வயது வரம்பை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். சொல்லித் தரக்கூடியவர்களில் பலருக்கும் ஓய்வு வயது தாண்டிவிட்டது.